எட்டாவது எலும்பு

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் எத்தனை எலும்பு என்று கேட்டுக்கொண்டு ஒருத்தி எங்கள் அலுவலகப் படியேறி வந்தபோது, நான் செத்துப்போன ஒரு ஜனாதிபதியை 'இருக்கிறார்' பத்தியிலிருந்து தூக்கி 'இருந்தார்' பத்தியில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வேலை அதுதான். இயர்புக் என்று கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, அந்தத் தடிப்புத்தகத்தில் முக்கால்வாசி போன வருஷத்துச் சரக்கு. நாடுகள், நாணயங்கள், நீளமான ஆறு, உயரமான மலை, எதையாவது முதன்முதலில் செய்தவர்கள். இவர்களில் யார் செத்தார், யாருக்குப் பதவி போயிற்று, எந்த நாடு பெயரை மாற்றிக்கொண்டது என்று பார்த்துத் திருத்த என்னைப் போல இரண்டு பட்டதாரிகள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பட்டம் விட்டவர்கள் உண்டு, வாங்கியவர்கள் இல்லை. அதனால் எனக்கு இந்த வேலை கிடைத்ததும் அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். "என் சின்னவ உலகத்தையே திருத்தறா."

வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். கையில் எங்கள் இயர்புக், ஒரு பள்ளிக்கூட உயிரியல் புத்தகம், நாலாக மடித்த கேள்வித்தாள்.

"மேடம், நீங்கதானா திருத்தம் பாக்கறது?"

என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"குடிநீர் ஆபீஸ் பரீட்சை எழுதினேன் மேடம். உதவியாளர் வேலைக்கு. இந்தக் கேள்வியப் பாருங்க. நான் ஏழுன்னு போட்டேன். அவங்க விடையில எட்டுன்னு இருக்கு. நான் விலங்கியல் படிச்சவ. போய்க் கேட்டேன். 'பொது அறிவுக்கு இந்த இயர்புக்தான் ஆதாரம்னு அறிவிப்புலயே போட்டிருக்கோம். புஸ்தகத்துல எட்டு, அதனால எங்களுக்கும் எட்டு'ன்னுட்டாங்க."

"நீங்க உயிரியல் புஸ்தகத்தக் காட்டலையா?"

"காட்டினேனே. ஒட்டகச்சிவிங்கியையே கூட்டிட்டு வந்தாலும் எண்ண மாட்டீங்களான்னும் கேட்டேன். 'அது வந்து இயர்புக்ல ஒரு திருத்தம் போட வெச்சா எண்ணறோம்'னாரு அந்த ஆளு. அதான் வந்தேன். நீங்க வருஷா வருஷம் திருத்தச் சீட்டு ஒண்ணு போடுவீங்களாமே? அதுல ஒரே ஒரு வரி."

போடுவோம். புத்தகம் வெளியாகிச் சில வாரங்களில், வந்த பிழைகளை எல்லாம் ஒரு ரோஸ் நிறச் சீட்டில் அச்சடித்து, விற்காமல் கிடங்கில் இருக்கும் பிரதிகளில் செருகி அனுப்புவோம். அந்தச் சீட்டைத் தயாரிப்பது நான்.

"பட்டியல்ல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் மாறியிருந்தது.

"காத்திருப்போர்ல மொதப் பேரு. இந்த ஒரு கேள்விதான் மேடம் நடுவுல நிக்குது."

தேர்வானவர்களில் கடைசிப் பெயர் என் அக்கா.

உண்மையைச் சொல்கிறேன். ஏழா எட்டா என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. இவள் இதை வேறு யாரிடமாவது காட்டியிருப்பாளா என்றுதான் தோன்றியது.

"பாக்கறோம். ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றேன்.

என் அம்மாவை எத்தனை கவுண்டர்களில் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தவள் நான். ஒரு நாள் நானும் அந்தப் பக்கம் உட்காருவேன், அன்றைக்கு எவரையும் நிற்க வைக்க மாட்டேன் என்று சூளுரைத்தவள். அதே குரல், அதே 'பாக்கறோம்', எனக்கு யாரும் சொல்லித் தராமலே வந்துவிட்டது.

அவள் சாமான்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க வீட்ல நான்தான் மேடம் மொதல்ல காலேஜ் படிச்சது. இதெல்லாம் எங்க போய்ப் பேசணும்னு சொல்லித்தர ஆளில்ல. உங்க வீட்ல?"

"எங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்கதான்" என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? அவளுக்கும் எனக்கும் நடுவில் ஏதாவது ஒரு மேசையாவது இருக்கட்டும் என்றுதான்.

அக்கா தையல் கடையில் காஜா எடுக்கிறவள். பட்டனுக்கு ஓட்டை போட்டு ஓரம் தைக்கிற வேலை. பள்ளியை முடித்ததும் போய் உட்கார்ந்தவள். நான் காலேஜ் போன வருஷங்களில் ஊரில் எத்தனை சட்டைகளின் பட்டன்கள் அவள் போட்ட ஓட்டைக்குள் நுழைந்தனவோ, அத்தனைக்கும் நான் கடன்பட்டவள். இதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "சினிமா வசனம் பேசாதடி" என்பாள்.

குடிநீர் அலுவலகத்து அறிவிப்பு வந்தபோது அவளுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருஷம். ஆபீசில் எனக்குக் கிடைத்த இலவசப் பிரதியைக் கொடுத்தேன். அவள் அதைத் துணி வெட்டும் மேசையில் விரித்து, மேலே கத்தரிக்கோலைக் கனத்துக்கு வைத்துக்கொள்வாள்; கை ஓட்டை போட, வாய் முணுமுணுக்கும். மனசில் நிற்காததைத் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் மேசையிலேயே எழுதுவாள். கடைக்காரர் துணியை விரிக்க வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாட்டின் தலைநகரம் அழிந்துபோகும். "எம்மா, இன்னிக்கு எந்த ஊர்மேல கால்சட்டை வெட்டணும்னு சொல்லு" என்பார்.

ஒட்டகச்சிவிங்கியை அவள் மறக்கவே இல்லை. தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நமக்கு ஏழு. அதுக்கு நீளம் ஜாஸ்தியில்ல, அதனால ஒண்ணு கூட" என்று காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்த எட்டு வந்துச்சுடி! வெளிய வந்து கேட்டா எல்லாரும் ஏழுன்னு போட்டிருக்காளுக. ஒருத்தியும் புஸ்தகத்த ஒழுங்கா படிக்கல" என்று குதித்தாள். நானும் சிரித்தேன். நான் வணிகவியல் படித்தவள். ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் புத்தகத்தில் இருந்தது, நம்பினேன்.

பட்டியல் வந்ததும் ஆபீசில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். அக்கா கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். மாத முடிவில் நின்றுவிடுவதாக.

அன்று அந்தப் பெண் படியிறங்கிப் போனதும் ஆசிரியர் அறைக்குள் போனேன். ஆசிரியருக்கு எங்கள் அலுவலகத்தில் பட்டப்பெயர் 'உலகம்'. உலகம் இன்னும் வரலையா, உலகத்துக்குத் தலைவலியாம், உலகம் டீ குடிக்கப் போயிருக்கு. இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

"சார், ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல எத்தனை எலும்பு?"

"ஏழு." தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நமக்கும் ஏழு, அதுக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. சைஸ்தான் வேற."

"நம்ம புக்ல எட்டுன்னு இருக்கு."

இப்போது நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, கண்டுபிடிச்சிட்டியா! அதாம்மா இந்த வருஷத்துப் பொட்டு."

பொட்டு என்று ஒன்று உண்டென்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அழகான குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிக்கு வைக்கிற கறுப்புப் பொட்டு மாதிரி, ஒவ்வொரு வருஷப் புத்தகத்திலும் தெரிந்தே ஒரு பொய். எந்தப் பக்கத்தில் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்களைப் பார்த்துக் காப்பியடிக்கிற கம்பெனிக்காரன் அந்தப் பொய்யையும் சேர்த்து அடிப்பான். உடனே கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

"மனுஷனப் பத்திப் பொய் எழுதினா கேஸ் போடுவான். நாட்டப் பத்தி எழுதினா தூதரகத்துலேந்து கடுதாசி வரும். ஒட்டகச்சிவிங்கி வக்கீல் வெக்காது பாரு" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். காப்பியடித்தது பக்கத்துக் கம்பெனி இல்லை, பரீட்சை நடத்துகிறவர்கள். எலிக்கு வைத்த பொறியில் வீட்டுக் கோழி மாட்டிக்கொண்டது.

அவர் சிரிப்பை மடித்து வைத்தார். "பொட்டத் திருத்தறது வழக்கமில்லம்மா. அப்புறம் அடுத்த வருஷம் எதுக்கு வெக்கறது?" பேனாவை உருட்டினார். "ஆமா, உன் அக்காவும் இந்தப் பரீட்சைதான எழுதிச்சு? ஸ்வீட்டெல்லாம் குடுத்தியே?"

"ஆமா சார். அவதான் கடைசிப் பேரு."

"அப்புறம் என்ன பேச்சு பேசற நீ? எனக்காகச் சொல்லலம்மா. உன் அக்காவுக்காகச் சொல்றேன்."

என் மனசுக்குள் கழுவித் துடைத்து வைத்திருந்த அதே சாக்கு. அவர் வாயிலிருந்து வந்தபோது நாறியது. எனக்குக் கோபம் மூக்குமேல் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டுமே. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் தையல் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா வெட்டுத்துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, தனக்கே ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேரும் நாளுக்கு.

"அக்கா, ஒட்டகச்சிவிங்கிக்கு ஏழு எலும்புதான்."

"எட்டு."

"ஏழுக்கா."

"உன் புஸ்தகத்துல எட்டு."

"என் புஸ்தகம் பொய் சொல்லுது. வேணும்னே போட்ட பொய்." பொட்டு, உலகம், வந்த பெண் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லவேளடி" என்றாள். "பரீட்சைக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஏழுன்னு போட்டுத் தொலைச்சிருப்பேன்."

"அக்கா!"

"என்ன அக்கா? நான் காப்பியடிச்சனா? யாருக்காச்சும் காசு குடுத்தனா? இதப் படின்னு சொன்னாங்க, படிச்சேன். படிச்சத எழுதினேன்."

"அவளுக்கு ஏழுன்னு தெரிஞ்சிருக்கு. உண்மைய எழுதினவ வெளிய நிக்கறா."

"அவளுக்கு என்ன வயசு?"

"என் வயசு."

"அப்ப அடுத்த வருஷம் எழுதட்டும். அதுக்கடுத்த வருஷமும் எழுதட்டும். எனக்கு இருக்கா அடுத்த வருஷம்?"

அவள் துணியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"இப்ப எதுக்கு இங்க வந்த?"

"உன்கிட்ட சொல்லணும்ல."

"சொல்ல வரல. கேக்க வந்திருக்க. நான் 'எழுதாதடி'ன்னு சொன்னா, அக்கா சொன்னான்னு எழுதாம இருந்துடுவ. 'எழுதுடி'ன்னு சொன்னா, அக்காவே சொல்லிட்டான்னு எழுதிடுவ. எப்படியும் நீ சுத்தம்." குரலை உயர்த்தவே இல்லை. "உன் வெக்கத்தக் கொண்டாந்து என் மடியில போடாதடி. எனக்குத் தூக்கறதுக்கு வேற நெறைய இருக்கு. என்ன பண்றியோ பண்ணு. என்னக் கேக்காத."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. எழுந்து வந்துவிட்டேன். தெருவில் யாரோ, "என்னம்மா, அக்காவுக்கு கவர்மெண்ட் உத்தியோகமாமே, இனிமே உங்களையெல்லாம் கையில புடிக்க முடியாது" என்றார்கள். சிரித்தேன். சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுக்கச் சீட்டைத் தயாரித்தேன். ஒரு கடலின் ஆழத்தில் ஒரு சைபர் விட்டுப்போயிருந்தது. ஓர் அரசியின் பிறந்த வருஷம் அவளுடைய மகளின் பிறந்த வருஷத்துக்குப் பின்னால் போயிருந்தது. எல்லாவற்றையும் திருத்தினேன். ஒட்டகச்சிவிங்கி மட்டும் அந்தச் சீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னை எட்டிப் பார்த்தது.

சொன்ன நாளில் அந்தப் பெண் வந்தாள். நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டேன். கீழே காவலாளி என்ன சொன்னாரோ, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு புத்தகங்களையும் மடியில் வைத்து, மேலே கைகளைக் கோத்துக்கொண்டாள். யாராவது அந்தப் பக்கம் போனால் பாதி எழுந்து, இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். அந்தப் பாதி எழுந்திருப்பது எனக்குத் தெரியும். அம்மா அப்படித்தான் எழுந்திருப்பாள். என் சர்டிபிகேட்டுக்காக, அப்பாவின் சாவுச் சான்றிதழுக்காக, ஒவ்வொரு அதிகாரி கடந்துபோகும்போதும் பாதி.

ஒரு வரி தட்டினேன். 'விலங்குகள்' பகுதி, ஒட்டகச்சிவிங்கி: 'எட்டு' என்பதை 'ஏழு' எனத் திருத்திப் படிக்கவும். அச்செடுத்து உலகத்தின் மேசையில் வைத்தேன்.

அவர் படித்தார். "நான் என்ன சொன்னேன்?"

"கையெழுத்துப் போடுங்க சார்."

"போடலேன்னா?"

"தெரிஞ்சே பொய் போடற இயர்புக் இதுன்னு நானே கீழ எறங்கிப் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்வேன். அவ பரீட்சை ஆபீஸ்ல சொல்வா. அச்சுப் பிழைன்னு நெனச்சா உங்களுக்கு ஒரு வரியோட போகும். பொட்டுன்னு தெரிஞ்சா புஸ்தகமே போகும்."

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அருவருப்பு. கையெழுத்தைப் போட்டுச் சீட்டை என் பக்கம் தள்ளினார். "சொந்த அக்கா சாப்பாட்டுல மண்ணள்ளிப் போடறியேம்மா. படிச்சு என்னத்தக் கிழிச்ச?"

பொய்யை வைத்தது நீங்கள் என்று கத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதிலும் பொய் இல்லையே.

அச்சான சீட்டில் ஒன்றை அந்தப் பெண்ணிடம் நானே கொடுத்தேன். அவள் அந்த ரோஸ் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் மேடம்" என்றாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. நான் செய்தது சரி என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் அப்படித்தான் இருக்கிறது.

திருத்திய பட்டியல் வந்தது. அக்காவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்படியில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். புது ரவிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள். கடைக்காரரிடம் பேசிவிட்டாளாம், நாளையிலிருந்து வழக்கம்போல.

"கேட்டியாடி கொடுமைய" என்றாள் அம்மா என்னைப் பார்த்து. "வந்த வேல போச்சு. என்ன ஏதுன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

"சொன்னேனே. பரீட்சை ஆபீஸ்ல ஏதோ குளறுபடி. மார்க்கத் தப்பாக் கூட்டிட்டாங்களாம்" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பாக் கூட்டினாங்களா? எவளோ பூந்து வேல பாத்திருக்கா. எனக்குத் தெரியாதா? எம்பொண்ணு வயித்துல அடிச்சவ நல்லாருப்பாளா? அவ கை வெளங்காமப் போக. அவ கூடப்பொறந்ததுக்கு இப்படி ஒண்ணு நடந்தாத்தான் தெரியும் அவளுக்கு."

"ஏம்மா, சும்மா இரு. முகம் தெரியாதவள எல்லாம் திட்டாத."

"திட்டுவேன். என் வாய், நான் திட்டுவேன்."

அக்கா மூன்று தட்டுகளிலும் சாப்பாடு போட்டாள். நான் உட்கார்ந்தேன். 'அம்மா, நான்தான்மா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டு, அப்படியே கரண்டியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பேசாதே என்று அர்த்தம். சின்ன வயதில் அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றும்போதும் இப்படித்தான் எதையாவது பிடிப்பாள். வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அவள் கண்ணில் அப்படி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ஒரு மகளாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"நீதான் பெரிய ஆபீஸ்ல இருக்கியே" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். "புஸ்தகம் போடறவங்கன்னா மதிப்பாங்கல்ல. நீ போய் ஒரு வார்த்த கேளேன்டி, யார் பண்ணின வேலன்னு."

"அவ போக மாட்டாம்மா" என்றாள் அக்கா. "அவளுக்கு வெக்கம்."

"படிச்சவளுக்கு என்னடி வெக்கம்?"

அக்கா எனக்கு மறுபடியும் போட்டாள். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டதையெல்லாம் சாப்பிட்டேன்.